பிளெண்டரில் வெயில் அடிக்கிறது, பல்பு மட்டும் எரியவில்லை

பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். அதன் ஹாலை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மாதிரியாகச் செய்து, அதிலுள்ள சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் இன்ஜினில் படமாக்கினால் முற்றத்து வெயில் அழகாக விழுகிறது, எமிஷன் கொடுத்த (பரப்பே ஒளிரும்படி செய்த) டியூப்லைட்டும் பளிச்சென்று இருக்கிறது. பல்புக்காக வைத்த 60 வாட் பாயிண்ட் லைட் (ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் ஒளி வீசும் விளக்கு) மட்டும் இருந்த இடமே தெரியவில்லை.

சாம்பிளை (ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளியைக் கணக்கிடும் எண்ணிக்கை) 4096க்கு ஏற்றினேன், நேரம்தான் போனது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் மொத்த வெளிச்சத்தை, கூட்டினால் முற்றம் வெளுத்தது. ஜன்னல் கண்ணாடியைக்கூடக் கழற்றிப் பார்த்தாச்சு.

துப்பு வேறு இடத்தில் கிடைத்தது. வியூபோர்ட்டில் (மாதிரியைப் பார்த்து வேலை செய்யும் திரையில்) கொஞ்சம் விலகினாலே எதிர்ச்சுவர் மறைந்துவிடும். குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் இருப்பதை அது காட்டாது. அளந்தால், 12 அடி ஹால் 3658 மீட்டர்! எனக்கு வந்த வரைபடம் மில்லிமீட்டரில் இருந்தது. அதை பிளெண்டருக்குள் இறக்கும்போது ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு மீட்டராகியிருக்கிறது. வெயிலுக்கு வைத்த சன் லைட்டுக்கும் எமிஷனுக்கும் அறை எவ்வளவு பெரிதானாலும் கவலையில்லை. பாயிண்ட் லைட் அப்படியல்ல: தூரம் 1000 மடங்கானால் வெளிச்சம் 10 லட்சத்தில் ஒரு பங்கு.

அப்புறம் என்ன, 3டி கர்சரை (இடத்தைக் குறிக்கும் குறி) மையத்தில் வைத்து, அதையே பிவட்டாக்கி (சுருக்கும்போது நகராத புள்ளியாக்கி), விளக்குகள் உட்பட எல்லாவற்றையும் 0.001 மடங்காகச் சுருக்கினேன். கண்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்ததும் (சுருக்கிய அளவையே இயல்பான அளவாக்கியதும்) ஹால் வெளிச்சமானது. நிம்மதி. பிளெண்டர் வாட் கடை பல்பின் வாட் அல்ல. 60 கண்ணைக் கூசியது, 20 ஆக்கிவிட்டேன்.