ரிட்டர்ன் சரக்கு லாட் எடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஆன்லைனில் வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்த சரக்கை மொத்தம் மொத்தமாக, லாட்டாக விற்பார்கள். போன வாரம் செங்குன்றம் பக்கம் அப்படி ஒரு குடோன் வாசலில் வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பி, கையில் லாட்டில் இருக்கும் பொருட்களின் எக்செல் ஷீட் பிரின்ட், போனில் கால்குலேட்டர். "அண்ணே, எம்ஆர்பி மொத்தம் 7 லட்சம் வருது, அதுல 13 சதவீதத்துக்குத் தர்றாங்க, தூக்கிடலாம்ல?" என்றார். முதல் லாட் எடுத்தபோது நானும் இதையேதான் ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் "உன் இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு அப்படிப் போக மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பில் வாங்குங்கள், பார்க்காமல் முன்பணம் போடாதீர்கள் என்பதையெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

எம்ஆர்பியை வைத்து விலை பேசுவது

இதை நினைத்தால் இன்னும் எனக்கு எரிகிறது. என் முதல் லாட்டில் மிக்சி, இன்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் என்று ஷீட்டில் எம்ஆர்பி மொத்தம் 9,40,000. 12 சதவீதத்துக்குக் கேட்டு வாங்கினேன், 1,12,800. அடிமாட்டு விலை என்று நினைத்து அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தபோது 1,33,104 ஆனது. அப்போது என்னிடம் ஜிஎஸ்டி பதிவு இல்லை, கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

சரி, அதில் ஒரு மிக்சியை மட்டும் பார்ப்போம். பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பி 5,999. எனக்கு வரியோடு விழுந்தது 850. அதே மாடல் புதுசு, சீல் உடையாமல், வாரண்டியோடு ஆன்லைனில் 1,899க்கு ஓடிக்கொண்டிருந்தது. அதாவது நான் 12 சதவீதத்துக்கு வாங்கவில்லை, கிட்டத்தட்ட 45 சதவீதத்துக்கு வாங்கியிருக்கிறேன். எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது என்றுதான் சட்டம், எவ்வளவு போட்டு அச்சடிக்கலாம் என்பதற்கு இந்த மாதிரிப் பொருளில் கட்டுப்பாடு கிடையாது. அந்த எண்ணில் எத்தனை சதவீதம் தள்ளுபடி கிடைத்தாலும் அது காற்றில் கிடைத்த தள்ளுபடி.

பத்து மிக்சியில் நாலு ஓடியது, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஒருவரும் தரவில்லை. மூன்றில் ஜார் இல்லை, கடையில் ஜார் வாங்கிப் போட்டு விற்றதில் ஒன்றுக்கு 350 நின்றது. மிச்சம் மூன்றில் மோட்டார் காயில் கருகிப் போயிருந்தது. 8,500 போட்ட இடத்தில் ஐயாயிரம் சொச்சம் வந்தது, இதில் வண்டி வாடகையும் லோடுமேன் கூலியும் சேரவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். ஷீட்டில் விலை அதிகமான இருபது வரிகளை எடுத்து, எம்ஆர்பி பத்தியை அடித்துவிட்டு, இன்றைக்குப் புதுசு என்ன விலைக்கு விற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுவேன். அதில் பாதிதான் நமக்குக் கிடைக்கும், பாதிப் பொருள்தான் ஓடும், ஆக கால்வாசி. 1,899 மிக்சிக்கு 475 ஆகிறது. வண்டி, கூலி, குடோன் வாடகை எல்லாம் கழித்தால் வரியோடு 300க்கு மேல் ஒரு பைசா கொடுக்க முடியாது. அப்புறம், லாட்டில் டிவி இருந்தால் தனியாக ஒரு வட்டம் போடுங்கள். பேனல் உடைந்த டிவியின் பேனலை மாற்றுவதும் புது டிவி வாங்குவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் ஷீட்டில் அது 45,000 ரூபாயாக நின்று மொத்தத்தைத் தூக்கிக் காட்டும். அந்தத் தம்பியின் ஷீட்டில் நாலு டிவி இருந்தது. அதை அடித்துவிட்டு மறுபடி கூட்டச் சொன்னேன், முகம் மாறிவிட்டது.

ஆர்டிஓவும் கஸ்டமர் ரிட்டர்னும் ஒன்று என்று நினைப்பது

இந்த ஆர்டிஓ லைசென்ஸ் எடுக்கும் ஆபீஸ் இல்லை. ஆள் வீட்டில் இல்லை, கேஷ் ஆன் டெலிவரியில் வேண்டாம் என்றுவிட்டார் என்று வாசலிலிருந்தே திரும்பிய பார்சல், பெரும்பாலும் பிரிக்காதது. கஸ்டமர் ரிட்டர்ன் என்பது ஒருவர் பிரித்து, ஓட்டிப் பார்த்து, திட்டிவிட்டு அனுப்பியது. இரண்டையும் கலந்து ஒரே பேலட்டில் (சரக்கு அடுக்கும் பலகை) சுற்றி வைத்திருப்பார்கள், மேல் வரிசையில் எது இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நடு வரிசைப் பெட்டியை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் முழுக்க கஸ்டமர் ரிட்டர்ன் என்று வைத்தே விலை சொல்லுங்கள்.

தண்ணீர் பார்த்த சரக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகு சில மாதங்களுக்கு மலிவாக லாட்டுகள் வந்தன. பெட்டிகள் புத்தம் புதுசு. எனக்கு அதுதான் உறுத்தியது, ரிட்டர்ன் சரக்குக்கு எதற்குப் புதுப் பெட்டி? ஒரு அயர்ன் பாக்ஸைத் திருப்பிப் பார்த்தேன், திருகாணியெல்லாம் துரு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் எடுப்பவர்கள் பெட்டியை விட்டுவிட்டுத் திருகாணியைப் பாருங்கள், மோந்தும் பாருங்கள்.

நல்லதைப் பொறுக்கிக்கொண்டு மீதியை விட்டு வருவது

குடோன்காரருக்கு உங்கள் லாபம் முக்கியமில்லை, அவருக்கு இடம் காலியாக வேண்டும். மூன்று நாளில் எடுக்கிறேன் என்றால் மூன்றாம் நாள் தரையைக் கூட்டிவிட்டு வர வேண்டும். ஒருமுறை நான் உடைந்த பிளாஸ்டிக் டப்பாக்களை "அப்புறம் எடுத்துக்கறேன்" என்று மூலையில் விட்டு வந்தேன், மாதாமாதம் வந்துகொண்டிருந்த லாட் அதோடு வேறு ஒருவருக்குப் போய்விட்டது. குப்பையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள், விலை பேசும்போதே அதையும் கணக்கில் வையுங்கள். ஓடாத மின்சாமான்களை முன்னெல்லாம் காயலான் கடைக்குத்தான் போட்டேன். 2023 ஏப்ரல் முதல் புது மின்கழிவு விதிகள் வந்துவிட்டன, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் இப்போது அனுப்புகிறேன்.

உப்பிய பேட்டரி

ஷீட் கூரை குடோனில், மே மாதத்தில், ஒரு நாள் கூட வைக்காதீர்கள்.

தின்பதும் பூசுவதும்

தொடாதீர்கள்.

போன்

சென்னை ரிச்சி தெருவுக்கு விற்கக் கொண்டுபோகும் முன் ஒவ்வொன்றின் ஐஎம்இஐ எண்ணையும் (போனுக்குப் போன் வேறுபடும் அடையாள எண்) மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள். திருட்டுப் போன் என்று முடக்கியது ஒன்று கலந்திருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

வண்டி

தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் (ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டு) வேண்டும். ஆனால் கும்மிடிப்பூண்டி தாண்டி தடா பக்கம் குடோன் என்றால் அது ஆந்திரா, அங்கிருந்து வரும்போது 50,000க்கு மேலேயே வேண்டும். குட்டியானை டிரைவருக்கு இது தெரியும், ஆனால் நீங்கள் கேட்டால்தான் சொல்லுவார்.