பள்ளிக்கான பார்சல் வரி: கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீடு வாங்கிய பிறகு வரும் முதல் அக்டோபரில் கவுண்டியிலிருந்து (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) சொத்து வரி பில் வரும். மேல் பாதியில் வீட்டின் மதிப்பும், அதில் ஒரு சதவீத வரியும், பழைய கடன் பத்திரங்களுக்கான சின்னச் சின்னச் சதவீதங்களும் இருக்கும். பெரும்பாலானோர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குக் கீழே இன்னொரு பெட்டி உண்டு. கொசு ஒழிப்பு, சாக்கடை என்று ஒன்றன் கீழ் ஒன்றாகப் போகும். அந்த வரிசையில் ஒன்றின் பக்கத்தில் உங்கள் பள்ளி மாவட்டத்தின் (உங்கள் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பெயரும், வீட்டு மதிப்போடு தொடர்பில்லாத ஒரு தொகையும் தெரியும். அதுதான் பார்சல் வரி.

பார்சல் என்றால் இங்கே நிலத்துண்டு. நம் ஊரில் சர்வே எண் இருப்பதுபோல ஒவ்வொரு துண்டுக்கும் கவுண்டி ஓர் எண் கொடுத்திருக்கும். பில்லின் தலையிலேயே அது அச்சாகியிருக்கும். சென்னையில் சொத்து வரிக்குள்ளேயே கல்வி வரி அடங்கிவிடும், யாரும் நம்மிடம் கேட்பதில்லை. இங்கே அப்படி இல்லை. பள்ளிக்கான இந்த வரியை மக்கள் வாக்களித்துத்தான் கொண்டுவர முடியும். பெரும்பாலும் அதற்குக் காலக்கெடு உண்டு. கெடு முடியும்போது மறுபடி வாக்கெடுப்பு நடக்கும். அந்தப் புதுப்பிப்பு எப்படி நடக்கிறது, அதில் நீங்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

ஏன் இப்படி ஒரு வரி

1978 ஜூனில் கலிஃபோர்னியா மக்கள் ப்ரொபசிஷன் 13 என்ற சட்டத்தை வாக்களித்து நிறைவேற்றினார்கள். அன்றிலிருந்து அடிப்படைச் சொத்து வரி, மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வீடு கைமாறாதவரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதனால்தான் உங்கள் பக்கத்து வீட்டில் முப்பது வருடமாக இருப்பவர் உங்களைவிடப் பல மடங்கு குறைவாக வரி கட்டுகிறார். பள்ளிகளுக்கான பணத்தைப் பெரும்பாலும் மாநிலமே பங்கிடுகிறது. ஒரு பள்ளி மாவட்டம் கூடுதலாக ஏதாவது செய்ய விரும்பினால், ஆசிரியர் சம்பளத்துக்கு உள்ளூரில் பணம் திரட்ட அதற்கு இருக்கும் வழி பார்சல் வரி ஒன்றுதான் என்றே சொல்லலாம்.

பள்ளிக் கடன் பத்திரம் வேறு, இது வேறு. பத்திரப் பணத்தில் கட்டடம் கட்டலாம், கூரை மாற்றலாம். சம்பளம் கொடுக்க முடியாது. 2000-இல் வந்த ப்ரொபசிஷன் 39-க்குப் பிறகு பத்திரத்துக்கு 55 சதவீத வாக்கு போதும். பள்ளி மாவட்டம் கொண்டுவரும் பார்சல் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். “போன வருடம்தான் பள்ளிக்கு வாக்களித்தோமே, மறுபடியும் ஏன்?” என்ற கேள்வி எழுவதற்குக் காரணம், அந்த வருடம் வந்தது பெரும்பாலும் பத்திரமாக இருந்திருக்கும்.

புதுக் குடியிருப்புகளில் வீடு வாங்கியவர்கள் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பில்லின் அதே பெட்டியில் ஆயிரக்கணக்கான டாலருக்கு ஒரு தொகை இருந்தால் அது பெரும்பாலும் மெல்லோ-ரூஸ் கட்டணம். அந்தக் குடியிருப்புக்குச் சாலை, பூங்கா, பள்ளிக் கட்டடம் அமைக்க வாங்கிய கடனுக்கானது அது. பள்ளிப் புதுப்பிப்பு வாக்கெடுப்பில் அது கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

எவ்வளவு, எந்தக் கணக்கில்

இரண்டு வகை உண்டு. ஒன்று, துண்டுக்கு ஒரே தொகை. பாலோ ஆல்டோவில் 2020 நவம்பரில் துண்டுக்கு 836 டாலர் என்ற வரியை ஆறு ஆண்டுகளுக்குப் புதுப்பித்தார்கள். அதே தேர்தலில் சான் பிரான்சிஸ்கோ 288 டாலர் வரிக்கு ஒப்புதல் கொடுத்தது. இன்னொன்று, கட்டடத்தின் சதுர அடிக்கு இத்தனை சென்ட். பெர்க்லி 1986-லிருந்தே பள்ளிகளுக்கு இந்த வகையில் வரி வாங்குகிறது.

இந்த வேறுபாடு சின்ன விஷயம் அல்ல. ஒரே தொகை முறையில், நீங்கள் காண்டோ (அடுக்குமாடியில் சொந்த வீடு) வாங்கியிருந்தால் உங்கள் 900 சதுர அடி ஒரு தனித் துண்டு; முழுத் தொகையும் உங்கள் தலையில். எதிரே இருநூறு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் அபார்ட்மெண்ட் வளாகம் முழுதும் ஒரே துண்டாக இருக்கலாம். அதற்கும் அதே தொகைதான். பெரிய கடைவளாகத்துக்கும் அப்படியே. நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நாங்கள் சொல்வோம். ஆனால் வீட்டுக்கு ஒன்று, வணிகத்துக்கு ஒன்று என்று வேறு வேறு விகிதம் வைத்த அலமேடா பள்ளி மாவட்டத்தின் வரியை 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒரே சீரான வரியைத்தான் கேட்கிறது என்பது தீர்ப்பு. சதுர அடிக் கணக்கைச் சில மாவட்டங்கள் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் மாவட்டம் எது என்பதை ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். சான் ஹோசே முகவரியில் இருக்கும் பல வீடுகள் குப்பர்டினோ யூனியன் பள்ளி மாவட்டத்தில் வருகின்றன. அங்கே உயர்நிலைப் பள்ளிக்குத் தனி மாவட்டம். அதன் பெயர் ஃப்ரீமாண்ட் யூனியன். ஃப்ரீமாண்ட் நகரத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இப்படித் தொடக்கப் பள்ளிக்கு ஒன்று, உயர்நிலைப் பள்ளிக்கு ஒன்று, சமுதாயக் கல்லூரிக்கு ஒன்று என்று ஒரே பில்லில் இரண்டு மூன்று பார்சல் வரிகள் இருக்கலாம். ஒவ்வொன்றும் வேறு வேறு வருடத்தில் முடியும்.

புதுப்பிப்பு ஏன் ஒரு வருடம் முன்பே வருகிறது

வரி 2027 ஜூன் 30-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாக்கெடுப்பு 2026-லேயே வந்துவிடும். “இன்னும் கெடு இருக்கிறதே, ஏன் அவசரம்?” என்று கேட்பவர்கள் மார்ச் 15 என்ற தேதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த கல்வியாண்டில் வேலை இல்லாமல் போகலாம் என்ற முன்னறிவிப்பை ஆசிரியர்களுக்கு அந்தத் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பணம் வருமா வராதா என்று தெரியாத மாவட்டம், வராது என்று எண்ணியே அறிவிப்பை அனுப்பும். அறிவிப்பு கிடைத்த ஆசிரியர் சும்மா இருக்க மாட்டார், பக்கத்து மாவட்டத்தில் வேலை தேடுவார். மே மாதத்தில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றாலும் போனவர் போனவர்தான். முதலில் போவது பணியில் இளையவர்கள். உங்கள் பிள்ளைக்குப் பிடித்த புது அறிவியல் ஆசிரியர் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருப்பார். முன்கூட்டியே வாக்கெடுப்பு வைத்தால், முதல் முறை தோற்றாலும் இன்னொரு முறை கேட்க நேரம் இருக்கும்.

தொகையின் கனம் புரிய ஒரு மாதிரிக் கணக்கு. 20,000 துண்டுகள் உள்ள மாவட்டம், துண்டுக்கு 125 டாலர்: ஆண்டுக்கு 25 லட்சம் டாலர். ஓர் ஆசிரியருக்குச் சம்பளமும் சலுகைகளுமாக 1,25,000 என்றால், இருபது ஆசிரியர்கள்.

மூன்றில் இரண்டு என்பதன் பொருளையும் கணக்காகவே பாருங்கள். ஆயிரம் பேர் வாக்களித்தால் 667 வேண்டும். 666 வந்தால் தோல்வி. ஒரு “வேண்டாம்” வாக்கை ஈடுகட்ட இரண்டு “வேண்டும்” வாக்குகள் தேவை. 2019 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் சதுர அடிக்கு 16 சென்ட் கேட்டது. பாதி வாக்குகூடக் கிடைக்காமல் தோற்றது. பல மாவட்டங்களில் 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவு இருந்தும் வரி தோற்றிருக்கிறது.

வாக்குச்சீட்டில் கேள்வி 75 சொற்களுக்கு மேல் போகாது. எந்த எழுத்துப் பெயரில் வந்தாலும், மெஷர் ஏ ஆனாலும் மெஷர் ஜே ஆனாலும், நான்கு விஷயங்களைத் தேடுங்கள். பழைய தொகையேவா, கூட்டியிருக்கிறார்களா? எத்தனை ஆண்டு, அல்லது மக்கள் நீக்கும்வரை என்று போட்டிருக்கிறதா? ஆண்டுதோறும் ஏறுமா? 800 டாலர் வரி 2 சதவீதம் ஏறினால் ஆறாவது ஆண்டில் 883 ஆகியிருக்கும். கடைசியாக, பணம் எதற்கு என்று எழுதியிருக்கிறார்கள், கணக்கைப் பார்க்கத் தனிக் குழு உண்டா? “புதுப்பிப்பு” என்ற சொல்லைப் பார்த்தவுடன் தொகை மாறாது என்று நினைத்துவிடாதீர்கள். கேள்விக்குக் கீழே முழு உரையும், கவுண்டி வழக்கறிஞரின் நடுநிலை விளக்கமும், இரு தரப்பு வாதங்களும் வாக்காளர் கையேட்டில் இருக்கும். அந்த நடுநிலை விளக்கத்தை மட்டுமாவது படியுங்கள்.

யார் என்ன செய்யலாம்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற, 18 வயதான, அந்த மாவட்டத்தில் குடியிருக்கும் எவரும் வாக்களிக்கலாம். சொந்த வீடு வேண்டியதில்லை. வாடகைக்கு இருப்பவரின் வாக்கும் வீட்டுக்காரரின் வாக்கும் ஒன்றே. அதே நேரம், மாவட்டத்துக்கு வெளியே குடியிருந்துகொண்டு உள்ளே வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர் வரி கட்டுவார், வாக்களிக்க முடியாது.

எச்1பி, எல்1, எஃப்1 விசாவில் இருப்பவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் வாக்களிக்கவே கூடாது. வாக்காளராகப் பதிவும் செய்யக் கூடாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓட்டுநர் உரிமம் எடுக்க டிஎம்வி போகும்போது அதே விண்ணப்பத்தில் வாக்காளர் பதிவுக் கேள்வியும் வரும். அவசரத்தில் “குடிமகன்” என்று தட்டிவிட்டால், பிறகு குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதும் நாடுகடத்தும் நடவடிக்கையும்கூட வரலாம். உங்கள் பெயருக்குத் தவறி வாக்குச்சீட்டு வந்தால் தொடாதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, பதிவை நீக்கச் சொல்லிக் கவுண்டித் தேர்தல் அலுவலகத்துக்கு எழுதுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோருக்குக் கொடுத்திருக்கும் உரிமை பள்ளி போர்டு (பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் குழு) உறுப்பினர் தேர்தலுக்கு மட்டும். வரி வாக்கெடுப்புக்கு அல்ல.

பணம் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். விசாவில் இருப்பவர்கள் பிரசாரக் குழுவுக்கு நன்கொடை கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். ஊதியம் வாங்காமல் அண்டை வீட்டாரிடம் பேசுவது, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் விளக்குவது எல்லோருக்கும் திறந்த வழி. பள்ளி போர்டு கூட்டமும் அப்படித்தான். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். பொதுமக்கள் பேசும் நேரத்தில் எவரும் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் பேசலாம்; யாரும் விசா கேட்க மாட்டார்கள். தேர்தலுக்கு 88 நாள் முன்பே போர்டு தீர்மானம் போட்டாக வேண்டும் என்பதால், தொகையையோ காலத்தையோ மாற்றச் சொல்ல நினைப்பவர்கள் அதற்கு முந்தைய கூட்டங்களுக்கே போக வேண்டும். வாக்குச்சீட்டு அச்சான பிறகு பேசிப் பயனில்லை.

பல தமிழ்க் குடும்பங்களில் அப்பா அம்மா கிரீன் கார்டில் இருப்பார்கள். இங்கே பிறந்த பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்திருக்கும். அந்த வீட்டின் ஒரே வாக்கு அந்தப் பிள்ளையுடையது. கல்லூரிக்காக வெளியூர் போயிருந்தாலும் வீட்டு முகவரியிலேயே பதிவை வைத்துக்கொண்டு வாக்குச்சீட்டைக் கல்லூரி முகவரிக்கு வரவழைக்கலாம். பதினாறு வயதிலேயே முன்பதிவும் செய்துவிடலாம். பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 15 நாள் முன்பு. தவறினால் தேர்தல் அலுவலகத்துக்கோ வாக்குச் சாவடிக்கோ நேரில் போய்ப் பதிவு செய்து வாக்களிக்க வழி இருக்கிறது.

வாக்குகள் வீணாகும் இடங்கள்

வாக்குச்சீட்டு எல்லோருக்கும் தபாலில் வரும். திருப்பி அனுப்ப ஸ்டாம்ப் வேண்டாம். உள்ளூர்க் கேள்விகள் கடைசியில், பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும். முன்பக்கத்தோடு நிறுத்திவிடுபவர்கள் அதிகம். அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டால் கணக்கிலேயே சேராது.

கையெழுத்துதான் அடுத்த சிக்கல். உறையில் போடும் கையெழுத்தைப் பதிவிலுள்ள கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். அது பெரும்பாலும் டிஎம்வியில் மின்பலகையில் போட்டது. அங்கே ஆங்கிலத்தில் கிறுக்கிவிட்டு இங்கே தமிழில் அழகாகப் போட்டால் பொருந்தாது. கணவன் மனைவி உறைகளை மாற்றிக் கையெழுத்திடுவதும் அடிக்கடி நடக்கும். இருவர் வாக்கும் தடைபடலாம். கவுண்டியிலிருந்து சரிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்தால் விளம்பரம் என்று எறியாமல் உடனே திருப்பி அனுப்புங்கள். தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்து, ஏழு நாளுக்குள் போய்ச் சேர்ந்தால் வாக்கு செல்லும். கடைசி நாளில் தபால் பெட்டியை நம்புவதைவிடக் கவுண்டியின் வாக்குப் பெட்டியில் போடுவது நல்லது.

கட்டுவதும் விலக்கும்

வரி நிறைவேறிவிட்டால் தனியாக எதுவும் கட்ட வேண்டாம். சொத்து வரி பில்லோடு சேர்ந்தே வரும். முதல் தவணைக்குக் கடைசி நாள் டிசம்பர் 10, இரண்டாவதற்கு ஏப்ரல் 10; தவறினால் 10 சதவீத அபராதம். வீட்டுக் கடன் தவணையோடு சேர்த்து வசூலித்து (எஸ்க்ரோ) வங்கியே வரியைக் கட்டுகிறதென்றால் தொகை ஏறும்போது உங்கள் மாதத் தவணையும் கொஞ்சம் ஏறும்.

65 வயதானவர்களுக்குப் பல மாவட்டங்கள் விலக்கு கொடுக்கின்றன. எஸ்எஸ்ஐ (குறைந்த வருமானமுள்ள முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான மத்திய அரசு உதவி) பெறுபவர்களுக்கும் சில இடங்களில் உண்டு. இது தானாக வராது. விண்ணப்பம் போக வேண்டிய இடம் பள்ளி மாவட்ட அலுவலகம். கவுண்டிக்கு அனுப்பினால் நேரம்தான் வீணாகும். கெடு பெரும்பாலும் கோடைக்கு முன்பே முடிந்துவிடும், சில மாவட்டங்களில் ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். ஊரிலிருந்து வந்து மகன் வீட்டில் இருக்கும் பெற்றோருக்கு 65 ஆகியிருந்தாலும், வீட்டுப் பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லையென்றால் விலக்கு கிடைக்காது. உரிமையாளரே அங்கே குடியிருக்க வேண்டும். இதற்காக மட்டும் பத்திரத்தில் பெயர் சேர்க்காதீர்கள். சொந்த வீட்டுக்காரர்களுக்கு மாநிலம் தரும் 7,000 டாலர் மதிப்புக் கழிவும் பார்சல் வரியைக் குறைக்காது.

புதுப்பித்த வரி பில்லில் முதல்முறை வரும் அக்டோபரில், அந்தத் தொகையை வாக்குச்சீட்டில் சொன்ன தொகையோடு வைத்துப் பாருங்கள். பழைய விலக்கு புது வரிக்குத் தொடராமல் போவது அப்போதுதான் தெரியவரும். விட்டுப்போயிருந்தால் டிசம்பர் 10-க்குள் பில்லைக் கட்டிவிட்டு, பார்சல் எண்ணைக் குறிப்பிட்டு மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள்.