கொலஸ்ட்ரால் மாத்திரையும் உணவும்: முதன்முறை சாப்பிடுவோருக்கான செய்முறை விளக்கம்

கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கியதும் திராட்சையை நிறுத்திவிட்டதாகச் சொல்பவர்கள் பலர். அது பெயரால் வந்த குழப்பம். தவிர்க்கச் சொல்லப்படுவது திராட்சை அன்று, கிரேப்ஃப்ரூட் என்னும் எலுமிச்சைக் குடும்பத்துப் பழம். அதுவும் எல்லா மாத்திரைகளுக்கும் பொருந்தாது.

படி 1: மருந்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் சூட்டிய பெயர்; அதனருகே சிறிய எழுத்தில் அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் என்று இருப்பதே நமக்கு வேண்டியது. சில மாத்திரைகளில் எசெடிமைப் அல்லது ஃபீனோஃபைப்ரேட் என்னும் வேறு கொழுப்புக் குறைப்பு மருந்தும் சேர்ந்திருக்கும் என்பதால் வரியை முழுவதும் படியுங்கள். மாத்திரைகளை வெட்டி எடுக்கும்போது பெயருள்ள துண்டைக் கடைசிவரை வைத்திருங்கள்.

படி 2: கிரேப்ஃப்ரூட் உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் இரண்டையும் குடற்சுவரிலும் கல்லீரலிலும் உள்ள சைப் 3ஏ4 என்னும் நொதி பெருமளவு சிதைத்துவிடுவதால், விழுங்கியதில் 5 சதவீதத்துக்கும் குறைவான பங்கே செயல்படும் வடிவில் இரத்தத்தைச் சேர்கிறது. மருந்தின் அளவும் இந்த இழப்பைக் கணக்கில் கொண்டே வகுக்கப்பட்டுள்ளது. கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபியூரனோகூமரின் என்னும் பொருள்கள் குடலிலுள்ள நொதியை முடக்கிவிட்டால், அதே மாத்திரை பல மடங்கு பெரிய மாத்திரையைப் போல வேலை செய்யும், தசைகளுக்கும் கேடு நேரலாம். ஆகவே இவ்விரண்டையும் சாப்பிடுவோர் அந்தப் பழத்தை அறவே விட்டுவிட வேண்டும். அடோர்வாஸ்டாட்டினில் பாதிப்பு குறைவு, நாளொன்றுக்கு 1.2 லிட்டருக்கு மேல் சாறு குடிப்பதுதான் பெரிய சிக்கல் என்றாலும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ரோசுவாஸ்டாட்டின், பிரவாஸ்டாட்டின், பிடாவாஸ்டாட்டின் ஆகியவற்றை இந்த நொதி பெரிதாகச் சிதைப்பதில்லை என்பதால் தடையும் இல்லை.

காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று பிரித்துக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. முடங்கிய நொதி மீள்வதில்லை. குடல் புதிதாக உண்டாக்கியாக வேண்டும், அதற்கு ஒன்று முதல் மூன்று நாள்வரை ஆகும். பம்ளிமாஸிலும், மார்மலேடு செய்யப் பயன்படும் கசப்பு ஆரஞ்சிலும் இதே பொருள்கள் உண்டு. வழக்கமான இனிப்பு ஆரஞ்சில் இந்தத் தொல்லை இல்லை.

இந்த விளைவு தற்செயலாகத்தான் வெளிப்பட்டது. கனடாவில் டேவிட் பெய்லியும் குழுவினரும் ஃபெலோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்தை மதுவோடு சேர்த்து ஆராய்ந்தபோது, மதுவின் சுவையை மறைக்க ஊற்றிய கிரேப்ஃப்ரூட் சாறே இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிட்டது. அந்த ஆய்வு 1989-இல் வெளியானது.

படி 3: நேரத்தை ஒழுங்குசெய்யுங்கள்

பழத்துக்கு உதவாத இடைவெளி வேறு சிலவற்றுக்கு உதவும். லோவாஸ்டாட்டினை இரவு உணவோடு சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் உடல் அதைக் குறைவாகவே ஏற்கும். அதே நேரத்தில் ஓட்ஸ் தவிடு, பெக்டின் போன்ற நார்ச்சத்துப் பொடிகளைச் சேர்த்தால் அவை மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எனவே சில மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். அலுமினியமும் மக்னீசியமும் கலந்த அமில நீக்கி மருந்தை ரோசுவாஸ்டாட்டினுக்கு 2 மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். அடோர்வாஸ்டாட்டினுக்கும் ரோசுவாஸ்டாட்டினுக்கும் உணவும் பொழுதும் பொருட்டல்ல; தினமும் ஒரே நேரமாக இருந்தால் மறக்காது.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மற்றொரு மருந்தான கொலஸ்டைரமின் பொடி தனி ரகம். அதை உலர்ந்த நிலையில் வாயில் போடாமல் நீரிலோ சாற்றிலோ நன்றாகக் கலக்கி உணவு நேரத்தில் குடிக்க வேண்டும். மற்ற மருந்துகளை அதற்கு 1 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் பின்போதான் சாப்பிட வேண்டும்.

படி 4: ‘இயற்கை’ என்று விற்பவற்றைச் சோதியுங்கள்

என்னைக் கேட்டால், பழத்தைவிட அதிகக் கவனம் வேண்டியது இங்கேதான். சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையில் உள்ள மோனகோலின் கே வேதியியல்படி லோவாஸ்டாட்டினேதான். ஸ்டாட்டினோடு (பெயர் ‘ஸ்டாட்டின்’ என்று முடியும் இந்த மாத்திரைகளோடு) இதையும் விழுங்குபவர் அறியாமலே இரட்டை மருந்து சாப்பிடுகிறார். மனச்சோர்வுக்கென விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையோ சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் இரண்டும் இரத்தத்தில் இருக்கும் அளவைக் குறைத்துவிடும். மிகையான மது கல்லீரலுக்குக் கூடுதல் சுமை.

படி 5: உடல் சொல்வதைக் கவனியுங்கள்

காரணமில்லாத தசைவலி, சோர்வு, அடர்ந்த பழுப்பு நிறச் சிறுநீர் ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவரை அணுகுங்கள். மற்ற சந்தேகங்களுக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது பெயருள்ள அந்த அட்டைத் துண்டையும், கடந்த 3 நாள்களில் உண்ட பழங்கள், குடித்த சாறுகள், சத்துமாத்திரைகள் ஆகியவற்றின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள்.