அணுகல் கட்டுப்பாடு: கதவு முதல் கோப்பு வரை

ஆக்சஸ் கண்ட்ரோல் என்றதும் கதவோரம் விளக்கு மினுக்கும் கார்டு ரீடர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது வெறும் கருவி. யார், எதை, எப்போது, என்ன செய்யலாம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு ஒவ்வொரு முறையும் தவறாமல் நடக்க வேண்டும். நடந்தது பதிவாக வேண்டும். இவ்வளவும் சேர்ந்ததுதான் அணுகல் கட்டுப்பாடு. காவலாளி கையில் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலும் அதில் அடக்கம்.

துறைக்குத் துறை பொருள் கொஞ்சம் மாறும். நெட்வொர்க்கில் மீடியா ஆக்சஸ் கண்ட்ரோல் என்பது பாதுகாப்பு பற்றிய பேச்சே அல்ல; பல கருவிகள் பங்கிடும் ஒரே கம்பியிலோ அலைவரிசையிலோ யார் எப்போது பேசலாம் என்ற முறைவைப்பு. ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள அடையாள எண்ணான 48 பிட் மேக் முகவரிக்குப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. (அந்த முகவரியை நம்பி வைஃபையில் ஆள் வடிகட்டுவது வீண் வேலை, யாரும் மாற்றிக்கொள்ளலாம்.) சாலைப் பொறியியலில், ஓரத்து மனையிலிருந்து நேரே ஏறவிடாமல் குறிப்பிட்ட இணைப்புச் சாலைகள் வழியாக மட்டும் வண்டிகளை விடுவதற்கு இந்தப் பெயர். நிரலாக்கத்தில் பப்ளிக், பிரைவேட், புரொடெக்டட் என்று எழுதுவதும் இதுதான். ஆனால் அது சக நிரலாளரின் கைத்தவறைத் தடுக்கும், திருடனைத் தடுக்காது.

கருவி வாங்கும் முன் ஒரு தாள்

இடப்பக்கம் வேலைப் பொறுப்புகள், மேலே கதவுகளும் கோப்புறைகளும், கட்டங்களில் நேரமும் செயலும். ஆட்களின் பெயரை இதில் எழுதாதீர்கள். ஆள் மாறுவார், பொறுப்பு மாறாது. 1992இல் ஃபெராயோலோ, குன் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் முறைப்படுத்திய 'பொறுப்புவழி' அணுகலின் அடிப்படை இதுவே. காலியான கட்டத்துக்கு 'அனுமதி இல்லை' என்றே பொருள். வேலைக்குத் தேவையான அளவு மட்டும் கொடு, சொல்லப்படாததை மறு என்ற இரண்டு விதிகளையும் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற கணினி ஆய்வாளர்கள் 1975இலேயே எழுதிவிட்டார்கள். 40 பேருக்கு 45 பொறுப்புகள் முளைத்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

வலது ஓரத்தில் இன்னும் இரண்டு பத்திகள் வேண்டும்: யார் ஒப்புதல் தருவது, எந்தத் தேதி வரை. இரண்டாவதைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஒரு கதவை அமைப்பது

தேவையானவை: ரீடர், கன்ட்ரோலர் (கார்டு எண்ணைச் சரிபார்த்துப் பூட்டை இயக்கும் பெட்டி), பூட்டு, கதவு திறந்திருப்பதைச் சொல்லும் சென்சார், எக்ஸிட் பட்டன், அவசரத் திறப்புப் பெட்டி, பேட்டரியோடு கூடிய 12 வோல்ட் பவர் சப்ளை, டோர் குளோசர். குளோசரை மறந்துவிட்டால் மற்ற அத்தனையும் அலங்காரம்தான். கதவு தானாக மூடாத இடத்தில் பூட்டுக்கு வேலை இல்லை.

முதலில் பூட்டு. மின்சாரம் போனால் திறந்துகொள்வது ஒரு வகை. மேக்னடிக் லாக் எல்லாம் இந்த வகைதான். மின்சாரம் போனாலும் வெளிப்பக்கம் பூட்டியே இருப்பது இன்னொரு வகை. கதவுச் சட்டத்தில் பொருத்தும் மின்தாழான எலக்ட்ரிக் ஸ்ட்ரைக்குகளில் பெரும்பாலானவை இப்படி அமையும், உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருப்பி வெளியேறலாம். எதைத் தேர்ந்தாலும் உள்ளிருந்து வெளியே வர கார்டோ கடவுச்சொல்லோ கேட்கக் கூடாது. மேக்னடிக் லாக் போட்டால் எக்ஸிட் பட்டனும் அவசரப் பெட்டியும் பூட்டுக்குப் போகும் மின்கம்பியையே நேரடியாகத் துண்டிக்க வேண்டும். கன்ட்ரோலருக்குச் செய்தி அனுப்பி அது திறக்கட்டும் என்று விடாதீர்கள். கன்ட்ரோலர் உறைந்துபோகும் நாளில்தான் தீயும் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு கம்பி இழுங்கள். தீ எச்சரிக்கை ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அதே கம்பி வழியில் வரட்டும்.

600 பவுண்டு, அதாவது சுமார் 270 கிலோ பிடிப்புள்ள மேக்னடிக் லாக் 12 வோல்ட்டில் ஏறக்குறைய அரை ஆம்பியர் எடுக்கும். பவர் சப்ளை 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போக வர 60 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அரை வோல்ட் அளவே குறையும்; கதவுக்கு 11.5 வந்து சேரும். கையில் இருக்கிறதே என்று நெட்வொர்க் கேபிளின் ஒற்றை ஜோடியை இழுத்தால் இரண்டரை வோல்ட் காணாமல் போகும். ஒன்பதரை வோல்ட்டில் பூட்டு பிடித்திருப்பது போலத்தான் தெரியும், ஓங்கித் தள்ளினால் விட்டுவிடும். அளக்கும்போது பூட்டை இணைத்த நிலையில், பூட்டின் முனையிலேயே மீட்டரை வையுங்கள். சுமை இல்லாமல் அளந்தால் எந்தக் கம்பியும் 12 காட்டும்.

வோல்ட்டேஜ் சரியாக இருந்தும் பிடிப்பு இல்லையா? கதவில் பொருத்திய இரும்புத் தகட்டைப் பாருங்கள். அதன் நடு போல்ட்டுக்குப் பின்னால் ஒரு ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். தகடு விரலால் அசைத்தால் சற்று ஆட வேண்டும், அப்போதுதான் காந்தத்தின் முகத்தோடு முழுதாகப் படியும். முறுக்கி இறுக்கிவிட்டால் ஒரு ஓரம் மட்டும் தொடும். காகிதத் தடிமன் இடைவெளி கூடப் பிடிப்பைப் பெருமளவு குறைத்துவிடும். முகத்தில் தெறித்த பெயின்ட்டுக்கும் இதே விளைவு உண்டு. 'லாக் வீக்' என்று கழற்றிப் போடப்படும் பூட்டுகளில் பல நன்றாகவே இருப்பவை.

டிசி ஸ்ட்ரைக் என்றால் அதன் இரு முனைகளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸில். இல்லையென்றால் சுருள் அணையும் நொடியில் எழும் உயர் மின்னழுத்தம் ரிலேயின் முனைகளைப் பொசுக்கும். சில மாதங்களில் அவை ஒட்டிக்கொள்ளும். மேக்னடிக் லாக்கில் டயோடு போட்டால் காந்தம் விடுவது தாமதமாகும். அந்தப் பூட்டின் உள்ளேயே இந்த எழுச்சியை அடக்கும் வேரிஸ்டர் வைத்தே வருவது வழக்கம், அதை நம்பலாம்.

கன்ட்ரோலர் உள்பக்கம் இருக்கட்டும். ரீடரும் ரிலேயும் ஒரே டப்பாவில் வரும் மலிவு மாடலை வெளிச்சுவரில் மாட்டினால், முகப்பைக் கழற்றி இரண்டு கம்பிகளைச் சேர்ப்பவருக்குக் கார்டு தேவையில்லை. ரீடரிலிருந்து கன்ட்ரோலருக்குப் பழைய வீகண்ட் இணைப்பு சுமார் 150 மீட்டர் வரை போகும், ஆனால் எண் மறையாக்கம் இல்லாமல் அப்படியே ஓடும். புதிதாகப் போடுபவர்கள் ஓஎஸ்டிபி என்ற புதிய இணைப்பு முறையைக் கேளுங்கள். ஆர்எஸ்-485 கம்பியில் 1200 மீட்டர் வரை போகும், மறையாக்கமும் உண்டு, அதை இயக்கி வைத்தால்.

கார்டில் கஞ்சத்தனம் வேண்டாம். 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு கேட்பவர்க்கெல்லாம் தன் எண்ணைச் சொல்லும், நகலெடுப்பது மிக எளிது. 13.56 மெகாஹெர்ட்ஸ் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது: மைஃபேர் கிளாசிக்கின் மறையாக்கம் 2008இலேயே உடைக்கப்பட்டது. கார்டு எண்ணின் வழக்கமான 26 பிட் வடிவத்தில் 8 பிட் தளக் குறியீடு (எந்த இடத்தின் கார்டு என்பது), 16 பிட் கார்டு எண், மீதி இரண்டு சரிபார்ப்புக்கு. ஆக ஒரு தளக் குறியீட்டுக்கு 65,536 எண்கள்தான். தளக் குறியீட்டைப் பார்க்காமல் கார்டு எண்ணை மட்டும் பார்க்கும் அமைப்பில் வேறொரு நிறுவனத்தின் கார்டும் உங்கள் கதவைத் திறக்கக்கூடும். எப்படியானாலும் கார்டு மட்டும் இருந்தால் அது 'நான் இன்னார்' என்று சொல்லும், அவ்வளவே. கீழே கிடந்து எடுத்தவரும் இன்னாரே. முக்கியமான அறைக்கு ரகசிய எண்ணையோ விரல்ரேகையையோ சேருங்கள்.

அமைப்பில் தொடக்க மதிப்புகள்: திறப்பு 5 நொடி, கதவு மூடியதும் உடனே பூட்டு, 30 நொடிக்கு மேல் திறந்திருந்தால் ஒலி. 7 ஆம்பியர்-மணி பேட்டரி, மொத்தம் 0.7 ஆம்பியர் சுமைக்குக் கணக்குப்படி 10 மணி நேரம். ஆறு என்று வைத்துத் திட்டமிடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் பார்க்காமல் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோப்புகளும் இணையச் செயலிகளும்

லினக்ஸில் தாளின் ஒவ்வொரு பொறுப்பும் ஒரு குரூப். கடைசி மூன்று இலக்கங்கள் முறையே உரிமையாளர், குரூப், மற்றவர்கள் என்போரின் உரிமை; படிக்க 4, எழுத 2, இயக்கவோ கோப்புறைக்குள் நுழையவோ 1 (எக்ஸ்). கோப்புக்கு 640, கோப்புறைக்கு 750, பகிரும் கோப்புறைக்கு 2770. முன்னால் உள்ள அந்த 2 இருந்தால்தான் உள்ளே புதிதாக உருவாகும் கோப்பும் அதே குரூப்புக்குப் போகும். குரூப்பில் உள்ள மற்றவர்களும் அதைத் திருத்த வேண்டுமென்றால் யூமாஸ்க் (புதிய கோப்பில் கழிக்கப்படும் உரிமைகள்) 007 வையுங்கள். படித்தால் போதும் என்றால் 027.

எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 போடும் பழக்கம் எங்கிருந்து வருகிறது? கோப்பில் படிக்கும் உரிமை இருந்தும் 'பெர்மிஷன் டினைடு' வரும். சிக்கல் பெரும்பாலும் கோப்பில் இருக்காது, மேலே உள்ள ஏதோவொரு கோப்புறையில் எக்ஸ் உரிமை இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலே உள்ள வேர்க் கோப்புறை முதல் ஒவ்வொரு படியாகப் பாருங்கள். தடுப்பது எது என்று தெரிந்ததும் அதை மட்டும் சரிசெய்யுங்கள்.

இணையச் செயலியில் நடக்கும் பிழை வேறு மாதிரி. உள்நுழைந்தவர் முகவரியில் 1041 என்பதை 1042 ஆக்கினால் அடுத்தவர் ரசீது வந்து நிற்கும். பொத்தானை ஒளித்து வைப்பது தடுப்பாகாது. இந்த ரசீது இவருடையதா என்று ஒவ்வொரு கோரிக்கையிலும் சர்வரே பார்க்க வேண்டும். இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் வெளியிட்ட 2021 அபாயப் பட்டியலில் உடைந்த அணுகல் கட்டுப்பாடு முதலிடத்தில் இருக்கிறது.

கொடுத்ததைத் திரும்ப வாங்குவது

அனுமதி கொடுக்கத் தாமதமானால் கேட்டவரே நான்கு முறை நினைவூட்டுவார். எடுக்க மறந்தால் யாரும் நினைவூட்ட மாட்டார்கள். ஆகவே இதற்குத் தனி வரிசை வேண்டும். ஆள் விலகும் அன்றே கார்டை முடக்குங்கள், அழிக்காதீர்கள். அழித்தால் சில அமைப்புகளில் பழைய பதிவுகளில் பெயர் மறைந்து வெறும் எண் நிற்கும். பிறகு எல்லாக் கன்ட்ரோலர்களும் புதிய பட்டியலைப் பெற்றனவா என்று பாருங்கள். இணைப்பு அறுந்த கன்ட்ரோலர் தன்னிடம் உள்ள பழைய பட்டியலை வைத்துக் கதவைத் திறந்துகொண்டேதான் இருக்கும். கணினியிலும் அதே கதை: கணக்கை முடக்கினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் செஷனும், செயலிக்குக் கொடுத்த டோக்கனும் (கடவுச்சொல்லுக்குப் பதிலான அனுமதிச் சீட்டு) காலாவதியாகும் வரை உயிரோடு இருக்கலாம். அவற்றைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். பலர் பங்கிட்ட ரகசிய எண்ணும் கடவுச்சொல்லும் அன்றே மாற வேண்டும்.

இடம் மாறுபவரிடம் கூடுதல் கவனம் தேவை: புதிய பொறுப்பைச் சேர்க்கும் அதே விண்ணப்பத்தில் பழையதை நீக்கும் வரியும் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாளையும் அமைப்பில் உள்ள பட்டியலையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிடுங்கள். அன்றே முடக்கிய கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிக் கதவு வரை நடந்து, ஒவ்வொரு ரீடரிலும் காட்டிப் பாருங்கள். மறுத்ததும் பதிவில் விழுந்ததா என்பதையும் சேர்த்து.