ஐஸ்கிரீமும் கம் பவுடரும்: வழக்கமாக நடக்கும் தவறுகள்

டப்பாவைத் திருப்பி 412, 407, 471 என்று எண்களைப் பார்த்ததும், "எல்லாம் கெமிக்கல்" என்று கீழே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. 412 என்பது குவார் கம், அதாவது கொத்தவரை விதையின் மாவு. 407 சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன். செடியிலிருந்து வந்ததாலேயே எல்லாம் நல்லது என்று சொல்லவரவில்லை. எண் என்பது வெறும் அடையாளம், அவ்வளவுதான்.

கம் சேர்த்தால் ஐஸ் கட்டியே வராது என்று நினைப்பது இன்னொரு தவறு. ஐஸ் வரத்தான் செய்யும். கலவையிலுள்ள தண்ணீரைக் கெட்டியாக்கி, அந்த ஐஸ் துகள்கள் பெரிதாவதை கம் தாமதப்படுத்துகிறது.

வீட்டில் செய்கிறவர்கள் சறுக்குவது அளவில்தான். ஒரு லிட்டர் கலவைக்கு 2 கிராம் குவார் கம் போதும். ஒரு டீஸ்பூன்கூட வராது. "இன்னும் கொஞ்சம்" என்று கை நீண்டால் கொழகொழவென்று வாயில் ஒட்டும், உருகிய பிறகும் கூழ் மாதிரி நிற்கும். அதையும் பாலில் அப்படியே கொட்டக் கூடாது. தூளின் வெளிப்பக்கம் உடனே நனைந்து பசையாகி, உள்ளே காய்ந்த மாவோடு மீன்கண் போல உருண்டைகள் மிதக்கும். பிறகு எவ்வளவு அடித்தாலும் சுலபத்தில் கரையாது. பத்து பங்கு சர்க்கரையோடு முதலில் கலந்துகொண்டு, கிளறியபடியே தூவினால் இந்தத் தொல்லை இல்லை. குவார் கம் குளிர்ந்த பாலிலேயே கரையும். ஆனால் கரோப் மர விதையிலிருந்து வரும் லோகஸ்ட் பீன் கம் (410) வாங்கியிருந்தால் கலவையை 80 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். இல்லாவிட்டால் போட்டதில் பெரும்பகுதி வீண்.

471 என்பது கம் அல்ல, மோனோ, டைகிளிசரைடுகள் என்ற கொழுப்புச் சேர்மங்கள். கொழுப்பு பிரியாமல் காக்கத்தான் அது என்று பலர் சொல்வார்கள். ஐஸ்கிரீமில் அதன் வேலை கிட்டத்தட்ட நேர் எதிர். கொழுப்புத் துளிகளைச் சுற்றியுள்ள பால் புரதத்தை அது விலக்கிவிடும். கடையும்போது துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு வலைபோலாகிக் காற்றுக் குமிழ்களைத் தாங்கிப் பிடிக்கும். அதற்குக் கடைவதற்கு முன் கலவையை 4 டிகிரியில் நான்கு மணி நேரமாவது வைக்க வேண்டும். அவசரப்பட்டு இதைத் தாண்டிவிடுகிறோம்.

அப்புறம், மெதுவாக உருகுகிறது என்பதற்காகக் கலப்படம் என்று முடிவுகட்ட வேண்டாம். இந்தக் கொழுப்பு வலைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் ஒருமுறை உருகியதைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்தால், எந்த கம் இருந்தாலும் நறநறவென்றுதான் வரும்.