ஓடிபி வராமல் நின்ற ஸ்வநிதி கடன்

2020-இல் இட்லிக் கடை அக்காவுக்காக, தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் கடன் திட்டமான பிஎம் ஸ்வநிதியில் விண்ணப்பித்தேன். அப்போது அடமானம் இல்லாமல் 10,000 ரூபாய் வரை, 12 மாதத் தவணை, ஒழுங்காகக் கட்டினால் 7% வட்டி மானியம். ஆனால் ஆதார் எண்ணைப் போட்டதும் ஓடிபி வரவேயில்லை, பிழைச்செய்தியும் இல்லை.

சர்வர் பிரச்சினை என்று இரவிலும் முயன்றேன். அப்புறம் வங்கியில் கைபேசி எண்ணை மாற்றினோம். அதுவும் வீண், வங்கிப் பதிவு வேறு, ஆதார் பதிவு வேறு.

பலரும் கவனிக்காத இடம் ஆதார் தளத்தின் 'ஆதாரைச் சரிபார்' பக்கம். அது ஆதாரில் பதிவான கைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைக் காட்டும். அவை அக்காவின் கணவர் எப்போதோ கைவிட்ட சிம்முடையவை!

அப்போது இதை வீட்டிலிருந்தே மாற்ற முடியவில்லை. ஆதார் மையத்துக்கு அக்காவே போய் விரல்ரேகை வைக்க வேண்டியிருந்தது. கட்டணம் அப்போது 50 ரூபாய், ஆவணம் எதுவும் வேண்டாம். ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், நிலையைப் பார்க்க அதிலுள்ள எண்தான் வேண்டும். அதே பக்கத்தில் புது இலக்கங்கள் தெரிந்த பிறகே மறுபடி விண்ணப்பித்தேன், உடனே ஓடிபி வந்தது. அப்பாடா!

கடனுக்குக் கேட்கும் வியாபாரி அடையாள அட்டை அக்காவிடம் இல்லை. அதற்குப் பதிலாக நகராட்சியின் பரிந்துரைக் கடிதம் போதும்.