கீழ்ச் சிலேசியா: பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கீழ்ச் சிலேசியாவுக்கு வருகிறவர்களில் பலர் தலைநகர் வ்ரோத்ஸ்வாஃபில் இறங்கி, சந்தைச் சதுக்கத்தைச் சுற்றி வந்து, தெருவோரத்து வெண்கலக் குள்ளர்களோடு படம் எடுத்துக்கொண்டு, மறுநாளே பிராகாவுக்கோ கிராக்கோவுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். நகரம் அழகானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த மாகாணத்தில் மனதில் தங்குகிற இடங்கள் பலவும் அங்கிருந்து ரயிலில் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கின்றன. மூன்று இரவாவது வெளியூரில் தங்கும்படி திட்டமிடுங்கள்.

அடுத்தது, என் பார்வையில் இன்னும் பெரிய தவறு. ஷ்விட்னிட்சாவின் மர தேவாலயம், க்ஷோன்ஷ் கோட்டை, ஆந்தை மலைச் சுரங்கங்கள் ஆகிய மூன்றையும் தொடர்பில்லாத மூன்று சுற்றுலா இடங்களாகப் பார்ப்பது. காரில் முக்கால் மணி நேரத்துக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். அதைவிட முக்கியம், ஒன்றைப் பார்த்தால்தான் அடுத்தது புரியும். வரிசையும் இதுவாகவே இருக்கட்டும்.

முப்பதாண்டுப் போரை முடித்து வைத்த 1648ஆம் ஆண்டின் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைக்குப் பிறகு, சிலேசியாவின் லூத்தரன்களுக்கு (சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுக்கு) மூன்று ஆலயங்கள் கட்டிக்கொள்ள கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் பேரரசர் அனுமதி கொடுத்தார். கூடவே நிபந்தனைகளும் போட்டார். கல், செங்கல் கூடாது. மரம், களிமண், மணல், வைக்கோல் மட்டும்தான். நகர மதிலுக்கு வெளியே இருக்க வேண்டும். கோபுரம் கூடாது. வேலையை ஓராண்டுக்குள் முடித்துவிட வேண்டும். குவோகூஃபில் கட்டியது பின்னாளில் எரிந்துபோனது. யாவோரிலும் ஷ்விட்னிட்சாவிலும் கட்டியவை இன்றும் நிற்கின்றன. இரண்டும் 2001 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன.

ஷ்விட்னிட்சா ஆலயத்தை வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து அது பெரிய தானியக் களஞ்சியம் போலத்தான் தெரியும். உள்ளே காலெடுத்து வைத்தால் மூச்சு நிற்கும். மேல்மாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அவற்றின் முகப்புப் பலகைகளில் விவிலியக் காட்சிகளும் வசனங்களும் தீட்டியிருக்கிறார்கள். கூரையும் ஓவியம்தான். ஏறத்தாழ 7,500 பேர் கூடக்கூடிய அந்த இடம் 1656–57இல் மரத்தாலும் மண்ணாலும் எழும்பியது. உள்ளே ஹோஹ்பெர்க் குடும்பத்துக்கென்று தனியாக ஓர் அலங்கார மாடம் இருக்கும், கவனித்துப் பாருங்கள். கட்டுமானத்துக்கு ஓக் மரங்களை வாரிக் கொடுத்த பிரபுக்கள் அவர்கள். அவர்களுடைய இருப்பிடம்தான் க்ஷோன்ஷ் கோட்டை.

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் அந்தக் கோட்டையைப் பறித்துக்கொண்டு அதன் அடியில் சுரங்கம் தோண்டினார்கள். பக்கத்து ஆந்தை மலைகளிலும் 1943 முதல் பாறையைக் குடைந்தார்கள். ‘ரீசே’ என்ற இந்தத் திட்டம் எதற்காக என்று இன்றுவரை முழுசாகத் தெளிவாகவில்லை. அதனால் புதையல் கதைகள் பெருகிவிட்டன. 2015இல், நாஜிகள் தங்கத்தோடு ஒளித்துவைத்ததாகச் சொல்லப்படும் ‘தங்க ரயில்’ கிடைத்துவிட்டதாக உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. மறு ஆண்டு தோண்டிப் பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை.

புதையல் கதை கேட்கவே ஆந்தை மலைகளின் ஓசூஃப்கா, வுவோடாஷ் சுரங்கங்களுக்குப் போவதைத் தவறு என்றே சொல்வேன். அந்தப் பாறையைக் குடைந்தவர்கள் கிராஸ்-ரோசன் வதைமுகாமின் கிளை முகாம்களில் அடைபட்டிருந்த கைதிகள். ஏறத்தாழ 13,000 பேர், பெரும்பாலும் யூதர்கள். அவர்களில் சுமார் 5,000 பேர் இறந்துபோனார்கள். தாய் முகாம் இருந்த ரோகோஷ்னிட்சாவுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். சுமார் 1,25,000 பேர் அந்த முகாமுக்கும் அதன் கிளைகளுக்கும் கொண்டுவரப்பட்டார்கள். 40,000 பேர் திரும்பவில்லை. கைதிகள் வேலை செய்த கருங்கல் குவாரி அங்கே அப்படியே இருக்கிறது. செல்ஃபி எடுக்கிற இடம் அல்ல அது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம்.

சுரங்கத்துக்குள் ஜூலையிலும் குளிர் பத்து டிகிரிக்குக் கீழேதான். தடித்த மேலுடை, வழுக்காத காலணி இரண்டும் வேண்டும்.

மலை ஏறுகிறவர்கள் செய்கிற தவறு வேறு மாதிரி. பாதையின் நிறத்தைப் பார்த்துக் கடினத்தை முடிவு செய்கிறார்கள். பனிச்சறுக்குத் தடங்களில் கறுப்பு என்றால் மிகக் கடினம். போலந்தின் நடைபாதைகளில் அப்படி இல்லை. சிவப்பு பொதுவாக அந்தப் பகுதியின் முதன்மையான நீண்ட பாதை, கறுப்பு பெரும்பாலும் குட்டையான இணைப்புப் பாதை. ஏற்றம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஆகும் என்று வரைபடத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கர்கோனோஷே மலையின் உச்சி ஷ்னியெஷ்கா, 1,603 மீட்டர். கர்பாச் ஊரிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிப் போகும் இழுவை நாற்காலியில் போனால் ஏற வேண்டிய உயரத்தில் பாதிக்கு மேல் குறைந்துவிடும் என்பதால் மெல்லிய சட்டையோடு போய்விடுகிறார்கள். மேலே மரமே இல்லை, காற்று அறையும். ஆண்டுச் சராசரி வெப்பநிலையே சுழியத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பலத்த காற்று வீசினால் நாற்காலியை நிறுத்திவிடுவார்கள், அப்போது நடந்துதான் இறங்க வேண்டும். குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயமுள்ள பாதைகளை மூடிவிடுவார்கள். மலை மீட்புப் படையின் எண் 985. பொது அவசர எண் 112. இரண்டையும் கைபேசியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். செக் எல்லை உச்சியிலேயே ஓடுகிறது, பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

மேசை மலைகளில் ஷ்செலீனியெட்ஸ் உச்சிக்கு 665 கல்படிகள் ஏற வேண்டும். பாறை இடுக்குகளில் நுழைந்து போகிற ப்வெண்ட்னே ஸ்காவேவுக்குப் பெரிய முதுகுப்பை கொண்டுபோகாதீர்கள். சில இடங்களில் பையைக் கழற்றிக் கையில் பிடித்துப் பக்கவாட்டில்தான் நகர முடியும். மேல் வண்டி நிறுத்தத்துக்குப் போகிற சாலை ஒற்றை வழி அகலமே உள்ளது, ஏறவும் இறங்கவும் தனித்தனி நேரம் வைத்திருக்கிறார்கள். கோடையில் இந்த இரண்டு இடங்களுக்கும் நேரம் குறித்த நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வ்ரோத்ஸ்வாஃபில் ரட்ஸ்வாவிட்சே போரைக் காட்டும் 114 மீட்டர் நீள பனோரமா ஓவியத்துக்கும் அதே முறைதான்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகலாம் என்று விட்டுவைக்காதீர்கள். ஆண்டில் சில ஞாயிறுகளைத் தவிர பெரிய கடைகள் எல்லாமே பூட்டியிருக்கும். அருங்காட்சியகங்களில் பல திங்களன்று மூடியிருக்கும். யூரோவை நம்பிப் போகவும் வேண்டாம், இங்கே செலாவணி ஸ்லோட்டி. ஏடிஎம் இயந்திரம் உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்குப் போடவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அதன் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்கு நஷ்டம்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த ‘பியெரோகி ருஸ்கியே’ கொழுக்கட்டையைச் சைவம் என்று நம்பி வாங்கிவிடுவோம். உள்ளே இருப்பது சைவம்தான். 1945க்குப் பிறகு ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்ட இந்த ஊர்களில், இன்று உக்ரைனில் இருக்கும் ல்வூஃப் (ல்விவ்) பக்கமிருந்து இடம்பெயர்ந்து குடியேறிய போலந்துக்காரர்கள் கூடவே கொண்டுவந்த பண்டம் அது, கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள். ஆனால் மேலே வறுத்த பன்றிக்கொழுப்புத் துணுக்குகளைத் தூவித் தருவது வழக்கம். ‘பெஸ் ஸ்க்வாரெக்’ என்று கேளுங்கள், துணுக்கு இல்லாமல் வெண்ணெயோ வதக்கிய வெங்காயமோ போட்டுத் தருவார்கள்.